நாற்றம் எனக்கு மட்டும் தெரியவில்லையே, ஏன்?

கேள்வி: டாக்டர், எனக்கு 22 வயது. மூன்று வருடமாக என் மூக்கிலிருந்து கெட்ட வாடை வருகிறதாம். எனக்கு அது தெரியவே இல்லை; பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் தெரிகிறது. பல் டாக்டர் பல்லில் குறையில்லை என்றுவிட்டார். மூக்கு எப்போதும் அடைத்த மாதிரியே இருக்கிறது. பச்சையாகப் பொருக்கு வருகிறது, பிய்த்தால் ரத்தம். நான் சுத்தமாக இல்லையா? இது ஒட்டுவாரொட்டியா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: இல்லைம்மா. சுத்தக் குறைவும் இல்லை, பக்கத்தில் உட்காருவதால் யாருக்கும் ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. கடிதத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாதுதான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அட்ரோஃபிக் ரைனைட்டிஸ் என்ற நோய்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஓசீனா என்றும் சொல்வோம். பெரும்பாலும் பருவ வயதை ஒட்டித் தொடங்கும், பெண்களுக்கே அதிகம் வரும்.

மூக்கின் உள்சுவரில் திண்ணை திண்ணையாகச் சதை மடிப்புகள் உண்டு. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது அவற்றின் வேலை. இந்த நோயில் அவை சுருங்கித் தேய்ந்துவிடுகின்றன. சளியைத் தள்ளிவிடும் நுண்ணிய மயிரிழைகளும் அழிந்துபோவதால் சளி அங்கேயே தங்கிக் காய்ந்து பொருக்காகிறது. அதில் கிருமிகள் பெருகி அழுகவைக்கின்றன. வாடை அங்கிருந்துதான் வருகிறது. கூடவே வாசனை அறியும் நரம்பும் கெட்டுவிடும், அதனால்தான் ஊருக்கே தெரிவது உங்களுக்குத் தெரியவில்லை. அடைப்பும் அப்படித்தான். உள்ளே குகை மாதிரி இடம் இருக்கும், ஆனால் காற்று போவதை உணரும் நரம்பு நுனிகள் செத்துப்போனதால் மூச்சு போகாதது போலவே தோன்றும். இதை அடைப்பு என்று எண்ணி மூக்கடைப்புச் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டே இருக்காதீர்கள். இன்னும் காயவைக்கும்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்குப் பொருக்கை ஊறவைத்து எடுத்தபோது, மூக்கின் உள்வடிவம் அப்படியே அச்சாக வெளியே வந்தது. "இவ்வளவும் உள்ளேயா இருந்தது டாக்டர்?" என்று கேட்டுவிட்டு அழுதார். அத்தனை வருடம் அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றாட மருத்துவம் கழுவுவதுதான். சாதா உப்பு இரண்டு பங்கு, சமையல் சோடா ஒரு பங்கு, வெண்காரம் (போராக்ஸ்) ஒரு பங்கு. இந்தப் பொடியில் ஒரு தேக்கரண்டியை, கொதிக்கவைத்து வெதுவெதுப்பாக ஆறிய 280 மில்லி நீரில் கலக்க வேண்டும். எதற்கும் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். வெண்காரம் இருப்பதால் விழுங்கக் கூடாது. முன்னால் குனிந்து, வாயைத் திறந்து, "க... க..." என்று சொல்லிக்கொண்டே ஒரு நாசியில் விடுங்கள். அப்படிச் சொல்லும்போது மேலண்ணத்தின் பின்பகுதி தூக்கி மூடிக்கொள்ளும், தண்ணீர் தொண்டைக்கு இறங்காமல் மறு நாசி வழியே வரும். முதலில் தினம் இரண்டு மூன்று தடவை. பொருக்கைக் கையால் பிய்க்கவே வேண்டாம். கழுவிய பிறகு 25 சதவீத குளுக்கோஸ் கலந்த கிளிசரின் சொட்டு விடச் சொல்வோம். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், அழுகவைக்கும் கிருமிகளையும் அடக்கும்.

அதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே பார்த்தாக வேண்டும். காசநோய், தொழுநோய் போன்றவையும் மூக்கை இப்படித் தேய்க்கும், முன்பு செய்த மூக்கு அறுவை சிகிச்சையும் காரணமாகலாம். இரும்புச்சத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். எதற்கும் அடங்காவிட்டால் நாசித் துளைகளைச் சில மாதங்கள் தைத்து மூடிவைக்கும் யங் அறுவை சிகிச்சை உண்டு. எடுத்த எடுப்பில் அதற்குப் போக மாட்டோம்.

இன்னொன்று, தூங்கும்போது கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். வாடைக்கு ஈ வந்து மூக்கில் முட்டையிட்டு, புழுவோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேஸ் கசிந்தாலும் உங்களுக்குத் தெரியாது என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள்.

அடியோடு தீரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். விடாமல் கழுவினால் வாடை நன்றாக அடங்கும். நடு வயதுக்கு மேல் பலருக்கு நோயே தணிந்துவிடுகிறது. கழுவத் தொடங்கிய பிறகு, நீங்கள் நம்பும் ஒருவரிடம் தினம் காலையில் "இன்று எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, அவர் சொல்வதைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.