சிப்பம் தூக்குவோருக்கு இடுப்புப் பெல்ட் வாங்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் அரிசி மொத்த வியாபாரம் செய்கிறேன். குடோனில் ஆறு லோடுமேன்கள் நாள் முழுவதும் 25 கிலோ சிப்பங்களை ஏற்றி இறக்குகிறார்கள். அவர்களில் இருவர் முதுகுவலியால் அடிக்கடி வேலைக்கு வர முடிவதில்லை. இடுப்பில் இறுக்கிக் கட்டும் பெல்ட்டை அணிந்தால் முதுகுவலியே வராது என்று விற்பனைப் பிரதிநிதி ஒருவர் உறுதி கூறுகிறார். ஆறு பேருக்கும் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தை வேறொன்றுக்குச் செலவிடுங்கள்.

அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ், காயமடையாத தொழிலாளர்களை இந்தப் பெல்ட் காக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1994-லேயே அறிவித்தது. பின்னர் ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனம் புதிதாகத் திறந்த 160 கடைகளில், சரக்கு கையாளும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் நியோஷ் நடத்திய ஆய்வு 2000-இல் வெளியானது. நாள்தோறும் பெல்ட் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் இடையே முதுகுவலியிலோ, இழப்பீடு கோரும் அளவுக்கான முதுகுக் காயத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. எனக்கு இதைவிடக் கவலை தருவது, பெல்ட் இருக்கிறது என்ற துணிவில் ஒருவர் வழக்கத்தைவிடக் கூடுதலான சுமையைத் தூக்கத் துணிவதுதான்.

முதுகுக்கு என்ன நேர்கிறது என்பதைத் துலாக்கோலை நினைத்துப் பார்த்தால் விளங்கும். நீண்ட கையில் தொங்கும் சிறிய எடை, குறுகிய கையில் தொங்கும் பெரிய எடையைச் சமன் செய்கிறது அல்லவா? முதுகுத் தசைகள், முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டிலிருந்து (டிஸ்க்) ஏறக்குறைய 5 செ.மீ. தொலைவில் இழுக்கின்றன, குனிந்து எட்டிப் பிடிக்கும் சிப்பமோ 50 செ.மீ. தள்ளி இருக்கிறது. எனவே 25 கிலோவைத் தாங்க அத்தசைகள் ஏறத்தாழ 250 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் இழுக்க வேண்டும். உடம்பின் மேற்பகுதியின் எடையைத் தாங்கும் விசை இதில் சேரவில்லை. அந்த விசை முழுவதும் தட்டின்மேல் அழுத்தமாக இறங்குகிறது. தோளிலோ முதுகிலோ ஏற்றிய பிறகு சுமை முதுகெலும்பை ஒட்டி வந்துவிடுவதால், நடப்பதைவிடத் தரையிலிருந்து எடுக்கும் அந்தச் சில விநாடிகளே ஆபத்தானவை.

நியோஷ் 1991-இல் திருத்திய கணக்கீட்டு முறையின்படி, எல்லாம் சாதகமாக அமைந்தாலும் பரிந்துரைக்கப்படும் உச்ச வரம்பு 23 கிலோதான். சுமையைப் பிடிக்கும் இடம் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில், கணுக்காலிலிருந்து 25 செ.மீ. தொலைவுக்குள் இருந்தால்தான் அந்த வரம்பு பொருந்தும். தரைமட்டத்திலிருந்து எடுத்தால் அது 18 கிலோவுக்கும் கீழே இறங்கும், 50 செ.மீ. எட்டிப் பிடித்தால் அதிலும் பாதிதான். உடலைத் திருகுவதும் அடிக்கடி தூக்குவதும் அதை மேலும் குறைக்கும். ஆக, உங்கள் 25 கிலோ சிப்பம் எந்த உயரத்தில் இருந்தாலும் அந்த வரம்பைத் தாண்டியதே, தரையில் கிடந்தால் இன்னும் அதிகமாக.

ஆகவே, அடுக்கின் கீழ்வரிசையை உயர்த்தும் உறுதியான மேடைகளையும், இருசக்கரத் தள்ளுவண்டி ஒன்றையும் வாங்குங்கள். லாரித் தளத்தின் உயரத்துக்கு ஒரு திண்ணை கட்ட இடமிருந்தால், அதுவே எல்லாவற்றிலும் சிறந்த செலவு. தள்ளுவண்டிக்குப் பெரிய ரப்பர் சக்கரம் இருக்கட்டும். மேடுபள்ளமான தரையில் சிறிய சக்கரம் சிக்கி நின்றுவிடும். பணம் கொடுக்கும் முன் லோடுமேன்களையே அழைத்துச் சென்று, சுமையை ஏற்றித் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வலியுள்ள இருவரையும் எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். அவர்களுக்குப் பெல்ட் தேவையா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். "வலியே வராது" என்ற உறுதிமொழி விளம்பரத்தில் அச்சாகியிருந்தால், தவறான விளம்பரம் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விளம்பரத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.