அந்தப் பொத்தானை அழுத்தியது யார் விரல்?

கேள்வி: குளச்சல் பக்கம் கடற்கரை ஊர் எங்களுடையது. எனக்கு வயது 46, எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் பங்குப் பேரவை உறுப்பினர். தேர்தலுக்கு முந்தின ஞாயிறு, மறையுரையில் சாமியார் ஒரு கட்சியின் பெயரைச் சொல்லி அதற்குத்தான் போட வேண்டும், மாற்றிப் போடுகிறவன் சபைக்குத் துரோகி என்றார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை. பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிடுவதில்லை. மக்களின் ஓட்டை ஒரு சாமியார் இப்படிப் பறிக்கலாமா? எங்கள் அம்மைக்கு இரண்டு கண்ணும் தெரியாது, பூத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவளும் சாமியார் சொன்ன சின்னத்தையே சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல வேளை, நான் சரியானதில் அழுத்திவிட்டேன். ஆயரிடம் மனு கொடுக்கலாமா? கோவில் வரியை நிறுத்திவிடலாமா? இந்தச் சாமியாரிடம் போய்ப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை 'நல்ல வேளை' என்ற இடம் வரைக்கும் படித்துவிட்டு, திரும்ப முதல் வரிக்குப் போனேன். எழுதியது ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

சாமியார் கதையை முதலில் முடித்துவிடலாம். அவர் செய்தது தப்பு. 1965இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 43வது பத்தி, குருக்கள் அல்லாத பொதுநிலையினர் ஒரே விஷயத்தில் வேறு வேறு முடிவுக்கு வரலாம், தன் கருத்துக்கு மட்டும் திருச்சபையின் அதிகாரம் இருக்கிறது என்று யாரும் உரிமை கொண்டாடக் கூடாது என்கிறது. 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 287வது பிரிவோ, குருக்கள் கட்சிகளில் தீவிரமாக ஈடுபடக் கூடாது என்கிறது. திருச்சபையின் உரிமைக்கோ பொதுநன்மைக்கோ தேவை என்று மேலிடம் கருதினால் மட்டும் விலக்கு. வழிபாட்டு இடத்தைக் கட்சி வேலைக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 1988இலேயே நாட்டுச் சட்டமும் வந்துவிட்டது.

இதை வைத்துக்கொண்டு, சாமியார்கள் அரசியலே பேசக் கூடாது என்று கிளம்பிவிடாதீர்கள். ஒக்கிப் புயல் அடித்த 2017இல், கடலுக்குப் போனவர்களைத் தேடச் சொல்லிக் குழித்துறை ரயில் நிலையத்தில் சனம் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது சாமியார்களும் கூட உட்கார்ந்தார்கள். இனையம் துறைமுகம் வேண்டாம் என்று கடற்கரை எழுந்தபோதும் நின்றார்கள். அதுவும் அரசியல்தான், அன்றைக்கு அவர்கள் வராமல் இருந்திருந்தால் நானே திட்டியிருப்பேன். சனத்தின் பாடுகளைப் பேசுவது அவர்கள் வேலை. சின்னத்தைச் சொல்வது அவர்கள் வேலை இல்லை. சரி, அது அவர் கணக்கு.

இனி உங்கள் கணக்கு. கண் தெரியாதவருக்குத் துணையாகப் போகிறவர், அவர் விருப்பப்படிதான் வாக்கைப் பதிய வேண்டும், அதை வெளியே சொல்லவும் கூடாது. தேர்தல் விதி அது. ரகசியம் காப்பேன் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். இப்போது அம்மை எந்தச் சின்னம் சொன்னாள் என்பதை எனக்கே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்!

அந்த அட்டை மறைப்புக்குள் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிறாள். காதோடு சின்னத்தைச் சொல்கிறாள். நீங்கள் வேறொன்றில் அழுத்துகிறீர்கள். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் சீட்டு ஏழு விநாடி தெரிகிறது, அதைப் பார்த்ததும் நீங்கள் ஒருவர்தான். அவளுக்குக் கிடைத்தது அந்த 'பீப்' சத்தம் மட்டும். வெளியே வந்து, "மக்களே, நான் சொன்னதுலதானே குத்தின?" என்று கேட்டிருப்பாளே? கேட்காத அம்மையை நான் பார்த்ததில்லை. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை.

சாமியார் மைக்கில் சொன்னார். கேட்ட சனம் பூத்துக்குள் தனியாகப் போய் இஷ்டம்போல் குத்திவிட்டு வரலாம், எத்தனை பேர் அப்படிச் செய்தார்களோ. உங்கள் அம்மைக்கு அந்த வழியும் இல்லை. பறித்தார் என்று அவரைச் சொல்கிறீர்கள். கைக்குள் இருந்ததை எடுத்தவர் நீங்கள்.

அவள் அறியாமல் சாமியார் பேச்சைக் கேட்டுப் போட நினைத்தாள், காப்பாற்றினேன் என்பீர்கள். இதே வாக்கியத்தை அந்தச் சாமியாரிடம் கேட்டாலும் சொல்வார், ஊரை நினைத்து. அம்மைக்கு வயதாகிவிட்டால் அவள் புத்தியும் பிள்ளைகளுக்குச் சொந்தம் என்கிற நினைப்பு நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. மாத்திரை நேரத்தையும் சாப்பாட்டையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அது மகன் கடமை. அவள் யாரை நம்புகிறாள் என்பதில் உங்களுக்குப் பங்கு கிடையாது. எங்கள் அம்மா எந்தச் சின்னத்துக்குப் போட்டாள் என்று அப்பாவிடம் சாகும்வரை சொல்லவில்லை. அப்பா கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனார்.

ஆயருக்கு மனு கொடுங்கள், தாராளமாக. சாமியார் சொன்ன வார்த்தைகளைத் தேதியோடு எழுதுங்கள், கூட்டிக் குறைக்காமல். ஆனால் அம்மையிடம் உண்மையைச் சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள். அவள் அழலாம், உங்கள் கையால் சோறு வேண்டாம் என்று ரெண்டு நாள் கிடக்கலாம். கிடக்கட்டும், நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். அண்ணனிடமும் வீட்டுத் திண்ணையில் வைத்தே சொல்லிவிடுங்கள். நீங்கள் முதலில் தப்பை ஒத்துக்கொண்டால் அவர் எத்தனை நாளைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார்?

கோவில் வரியை நிறுத்த வேண்டாம். கோவில் ஊருடையது, சாமியார் மாற்றலாகிப் போய்விடுவார்.

பாவசங்கீர்த்தனமா? கோட்டாறு, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை என்று நாலு கத்தோலிக்க மறைமாவட்டம் இருக்கிற ஜில்லாவில் சாமியாருக்கா பஞ்சம்? பஸ் ஏறினால் யாராவது கிடைப்பார். அம்மையிடம் சொல்லிவிட்டு அப்புறம் ஏறுங்கள். அடுத்த தேர்தலுக்குத் துணையாக யார் வர வேண்டும் என்பதையும் அவளிடமே கேளுங்கள். அண்ணன் பெயரைச் சொன்னால் வாயைத் திறக்காதீர்கள்.