வீட்டுப் பத்திரத்தைப் பீரோவிலேயே வையுங்கள்

விருதுநகரிலிருந்து ஒரு அம்மா, பிளஸ் டூ முடித்த மகளோடு மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார். பெங்களூரு மாமா சொல்லிவிட்டாராம், இனி எல்லாமே குவாண்டம்தான் என்று. அணு அளவிலான நுண்துகள்களின் விதிகளை வைத்துக் கணக்குப் போடும் கணினித் துறை அது. தனியார் கல்லூரியில் பி.டெக். குவாண்டம் கம்ப்யூட்டிங், நான்கு வருடத்துக்கு 14 லட்சம். "பயப்படாதீங்கம்மா" என்றுதான் தொடங்கினேன். கடனுக்கு அடகு வைக்க, மஞ்சப்பையிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்தார். அத்தோடு என் ஆறுதல் பேச்சு முடிந்தது.

மாமா சொன்னதில் பாதி சரி. 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் மிஷனுக்கு மத்திய அரசு 6,003.65 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதன் நான்கு மையங்களில் ஒன்று சென்னை ஐஐடியில் இருக்கிறது. ஆனால் இந்தத் துறையில் கேட்பது இயற்பியலும் அணிக் (மேட்ரிக்ஸ்) கணக்கும். பட்டத்தின் பெயரை வைத்து யாரும் உள்ளே விடுவதில்லை.

மகள் நோட்டைக் காட்டினாள். இரண்டு அணிகள். ஒவ்வொன்றும் ஒரு கியூபிட்டின், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகின், நிலையைச் சொல்வது. ஒன்றில் நான்கு இடத்திலும் ½. மற்றதில் மூலைவிட்டத்தில் மட்டும் ½, மீதி 0. "சார், நேரா அளந்தா ரெண்டுலயும் பாதிக்குப் பாதிதான் 0, 1 வரும். ஹடமார்ட் கேட்டுல, அதான் கியூபிட்டோட நிலையை மாத்துற ஒரு செயல்ல, விட்டு அளந்தா முதலாவது எப்பவும் 0. ரெண்டாவது அப்பவும் பாதிக்குப் பாதி." முதலாவது தூய நிலை, 0-வும் 1-உம் ஒன்றுசேர்ந்த ஒரே நிலை. இரண்டாவது கலப்பு நிலை, காசு சுண்டியதுபோல 0 அல்லது 1 என்ற வெறும் கலவை. இன்றைய குவாண்டம் கருவிகளில் இரைச்சல், அதாவது வெளித் தொந்தரவு, புகுந்து முதலாவதை இரண்டாவதாக்கிவிடுகிறது. துறையின் பெரிய தலைவலியே அதுதான். யாரும் சொல்லாமல் இதைப் போட்டுப் பார்த்த பெண்ணிடம் மாமாவின் விருப்பம் எதற்கு?

பொறியியல் கவுன்சிலிங் பற்றி ஊரே பேசுகிறது, விட்டுவிடுகிறேன். பக்கத்து அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் போதும். கட்டணம் சில ஆயிரம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். குவாண்டம் கணக்குகளைச் சாதாரணக் கணினியிலேயே போட்டுப் பார்க்க உதவும் கிஸ்கிட் மென்பொருள் இலவசம். பத்து கியூபிட்டின் கலப்பு நிலைக்கு 1024-க்கு 1024 அணி, சுமார் பத்து லட்சம் எண்கள். பழைய லேப்டாப்பே தாங்கும். மூன்றாம் வருடம் ஜாம் (JAM), ஜெஸ்ட் (JEST) என்ற இரண்டு நுழைவுத் தேர்வும் எழுதட்டும். ஜாமில் தேறினால் ஐஐடியில் எம்.எஸ்சி. ஜெஸ்டில் நல்ல இடம் வந்தால் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு முயலலாம், அங்கே படிக்கவே உதவித்தொகை தருகிறார்கள்.

சம்பளம் தாமதமாகும், அதை மறைக்கவில்லை. ஆனால் கடன் இல்லாமல் காத்திருப்பது வேறு, வட்டி கட்டிக்கொண்டு காத்திருப்பது வேறு.

"பெங்களூர்ல இருக்கிற என் தம்பிக்கு என்ன சார் சொல்றது?" என்றார் அம்மா. அந்த இரண்டு அணிகளையும் போட்டோ எடுத்து அனுப்பி, எது தூய நிலை என்று கேட்கச் சொன்னேன். மகள் அதற்குள் போனை எடுத்துவிட்டாள்.