தோழி பெயரில் வந்த இணைப்பு

கேள்வி: நெருங்கிய தோழியின் ஃபேஸ்புக் கணக்கிலிருந்து ‘இந்த வீடியோவில் இருப்பது நீதானே?’ என்று ஒரு செய்தியும் இணைப்பும் வந்தன. இணைப்பைத் தட்டியதும், வீடியோவைப் பார்க்க ஒரு செயலியை நிறுவும்படி கேட்டது. பயந்து மூடிவிட்டேன். என் ஆண்ட்ராய்டு கைபேசிக்கு ஆபத்து உண்டா?

பதில்: அந்த இடத்தில் மூடியதுதான் சரி. முறையாகப் புதுப்பிக்கப்பட்ட கைபேசியில், இணைப்பைத் தட்டியதாலேயே தீநிரல், அதாவது தீங்கு செய்யும் மென்பொருள், புகுந்துவிடுவது அரிது. பெரும்பாலும் நாமே ஒன்றை நிறுவும்போதோ அனுமதி கொடுக்கும்போதோதான் அது உள்ளே வருகிறது. பதிவிறக்கப் பட்டியலில் ‘ஏ.பி.கே.’ கோப்பு (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) ஏதேனும் இருந்தால், திறக்காமலே அழித்துவிடுங்கள். அந்தப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டியிருந்தால் உடனே மாற்றுங்கள்.

இது பழைய தந்திரம். 2008இல் ஃபேஸ்புக்கில் பரவத் தொடங்கிய ‘கூப்ஃபேஸ்’ என்ற கணினிப் புழுவும் இப்படித்தான் வந்தது: நண்பர் அனுப்பியதுபோல் ஒரு வீடியோ இணைப்பு, திறந்தால், உலாவியில் வீடியோ பார்க்க அப்போது பயன்பட்ட ஃபிளாஷ் பிளேயர் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லும் போலிப் பக்கம், அதை நம்பி நிறுவியவரின் பெயரிலேயே அவருடைய நண்பர்களுக்கும் அதே செய்தி. ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. ஆகவே, இன்று அதைப் புதுப்பிக்கச் சொல்லும் எந்தப் பக்கத்தையும் தயங்காமல் மூடிவிடலாம்.

உங்களுக்கு வந்த செய்தியை மீண்டும் படித்துப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இல்லை, எந்த வீடியோ என்ற விவரமும் இல்லை; யாருக்கு அனுப்பினாலும் பொருந்தும், யாரையும் பதறவைக்கும். தோழி உங்களை வழக்கமாக அழைக்கும் விதத்தோடு ஒப்பிட்டாலே வேறுபாடு புரியும்.

இத்தகைய செயலிகள் கேட்கும் அனுமதிகளில் நான் மிகவும் அஞ்சுவது ‘அணுகல்தன்மை’ அனுமதியைத்தான். பார்வைக் குறைபாடு போன்ற சிரமம் உள்ளவர்களுக்கு உதவ அமைக்கப்பட்ட அந்த வசதி தீநிரலின் கைக்குப் போனால், திரையில் தெரிவதைப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் அதனால் முடியும். வீடியோ பார்க்க அந்த அனுமதி எதற்கு?

தோழியிடம் அந்த உரையாடலிலேயே விசாரிக்காதீர்கள். பதில் சொல்வது திருடனாகவும் இருக்கலாம். தொலைபேசியில் கூப்பிடுங்கள். அவருடைய கருவியில் தீநிரல் இருந்தால், உலாவியில் சேமிக்கப்பட்டுள்ள குக்கிகளும் (நீங்கள் ஏற்கெனவே கணக்கிற்குள் நுழைந்தவர் என்பதை இணையதளத்துக்குக் காட்டும் சிறு தரவுகள்) திருடு போயிருக்கலாம்; அவற்றைக் கொண்டு, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பு இருந்தும் கணக்கிற்குள் நுழைந்துவிட முடியும். எனவே, பாதிப்பில்லாத வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்காமல், அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ‘அதைத் திறக்க வேண்டாம்’ என்று அவர் அன்றைக்கே தெரிவிக்கட்டும்.