ஸ்பேசர் பூட்டிய சில்லில் ஸ்டட் முறிந்தால் பொறுப்பு யாருடையது?

கேள்வி: ஹட்டனில் வசிக்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன், என் வாகன் ஆர் காருக்கு ஒரு கடையில் பாவித்த அலோய் வீல் நான்கு வாங்கினேன். டயர் உட்புறம் உரசியதால் கடைக்காரரே சில்லுக்கு உட்புறம் இடைவெளிக்காக வைக்கும் 10 மில்லிமீற்றர் தகடுகளான ஸ்பேசர்களைப் பூட்டித் தந்தார். அன்றிலிருந்து ஸ்டியரிங் ஆடியது. கடந்த வாரம் கினிகத்தேனை இறக்கத்தில் முன்சில்லைப் பிடிக்கும் மரையாணிகளான நான்கு ஸ்டட்களில் இரண்டு முறிந்து, கார் கானுக்குள் இறங்கிவிட்டது. விற்ற பொருளுக்குப் பொறுப்பில்லை என்கிறார் கடைக்காரர். அறிவிக்காத மாற்றம் என்று காப்புறுதி நிறுவனமும் மறுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கடைக்காரரே ஸ்பேசரைத் தெரிவுசெய்து பூட்டினார் என்ற வரியில்தான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, எந்த வாகனத்துக்கு என்று தெரிவித்து, விற்பவரின் தொழில் அறிவை நம்பி வாங்கும் பொருள், அந்தத் தேவைக்கு நியாயமான அளவு பொருந்துவதாக இருக்க வேண்டும். பூட்டிய வேலை ஒரு சேவை. அது உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்பட வேண்டும் என்ற உத்தரவாதத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பேச்சில் வராவிட்டாலும், ஒப்பந்தத்துக்குள் இருப்பதாகக் கொள்கிறது. பொறுப்பைக் கைகழுவும் வாசகங்களை 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த வாசகங்கள் சட்டம் கட்டுப்படுத்துவதால், கடைக்காரரின் மறுப்பு உங்களை மலைக்க வைக்க வேண்டியதில்லை.

உரிய கவனம் இருந்ததா என்பதை அளவுகளே காட்டும். சில்லைக் கழற்றி முகப்பைக் கீழே வைத்து, பின்விளிம்பின் குறுக்கே ஒரு நேரான கம்பியைப் போட்டு, அதிலிருந்து, சில்லு பூட்டப்படும் அச்சு முனையான ஹப்பில் பதியும் முகம் வரை அளக்க வேண்டும். அது 127 மில்லிமீற்றர், சில்லின் மொத்த அகலம் 178 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பாதி அகலமான 89ஐக் கழித்தால், சில்லின் நடுக்கோட்டிலிருந்து அந்த முகம் இருக்கும் தூரமான ஆஃப்செட் 38. 10 மில்லிமீற்றர் ஸ்பேசர் அதை 28 ஆக்கிச் சில்லை அந்தளவு வெளியே தள்ளுகிறது. அதைவிட முக்கியமானது நட் ஏறும் ஆழம். 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஸ்டட்டில் குறைந்தது அதே 12 மில்லிமீற்றர் ஆழத்துக்காவது நட் பிடிக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை, மரைச் சுற்றுகளுக்கு இடையிலான தூரம் 1.25 மில்லிமீற்றர் என்றால் ஏறத்தாழ பத்துச் சுற்று. முறியாமல் நிற்கும் ஸ்டட்களில் ஸ்பேசருடன் எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். நான்கு, ஐந்தோடு நின்றுவிட்டால், கவனமாகப் பூட்டினேன் என்று சொல்லக் கடைக்காரரின் சட்டத்தரணியே தயங்குவார். சில்லின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதா, ஸ்பேசரில் ஹப்பைப் பிடிக்கும் விளிம்பு இருக்கிறதா என்பதும் குறிக்கப்பட வேண்டும்.

இவற்றை நீங்களே அளந்து அறிந்துகொள்ளலாம். ஆனால் நீதிமன்றத்துக்குச் சுயாதீனமான மோட்டார் பொறியியலாளர் ஒருவரின் எழுத்து அறிக்கையே தேவை. அதுவரை முறிந்த துண்டுகள், ஸ்பேசர், சில்லு எதையும் 'பார்த்துத் தருகிறோம்' என்று கேட்டாலும் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள்.

உங்கள் பக்கப் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங் ஆடுவது தெரிந்தும் மலைப்பாதையில் இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறீர்கள். உங்கள் கவனயீனத்தின் பங்குக்கு ஏற்ப நட்டஈடு குறைக்கப்படலாம். ஆடுவதாகக் கடைக்காரரிடம் சொல்லி, 'பழகிவிடும்' என்பதுபோல் பதில் வந்திருந்தால், அந்தக் குறுஞ்செய்தி அல்லது அழைப்புப் பதிவு இப்போது பெறுமதி வாய்ந்தது.

காப்புறுதி நிறுவனம் வாய்ச்சொல்லால் மறுப்பதை ஏற்காமல், ஒப்பந்தத்தின் எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். மாற்றங்களை அறிவிக்கும் கடமை உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த வாதத்துக்கு வலு உண்டு. அப்படியானால் கடைக்காரரிடமிருந்தே இழப்பைப் பெற முயல்வது புத்திசாலித்தனம். மறுப்பு நியாயமற்றதாகத் தோன்றினால், நிறுவனத்துக்கு மேன்முறையீடு செய்த பின் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் செல்லலாம்.

அவசரம் ஒன்று உண்டு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கான முறைப்பாடு, சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் சேர வேண்டும். உங்களுக்கு எஞ்சியிருப்பது ஒரு மாதமே. தமிழிலேயே எழுதலாம். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, அதே நாளில் கடைக்காரருக்குக் கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டு தரப்படவில்லை என்றால், பணம் செலுத்திய வங்கிப் பதிவும் சில்லைப் பூட்டும்போது எடுத்த கைப்பேசிப் படமும் பயன்படும். தொகை குறைவென்றால் வழக்குக்கு முன் மத்தியஸ்த சபைக்குச் செல்ல வேண்டி வரலாம்.