சொந்த மெயில் சர்வர் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் சுமார் 12,000 மாணவர்கள். கூகுள் தந்த இலவச இடம் நிரம்பப்போகிறது என்று எச்சரிக்கை வருகிறது. ‘ஒரே தடவை செலவு, அப்புறம் கவலையே இல்லை’ என்று ஒரு நிறுவனம் சொந்த மெயில் சர்வருக்கு விலைப்புள்ளி கொடுத்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் இடத்தைத் தின்பது எது என்று பாருங்கள். கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாமல் தந்த இடத்தை, 2022 ஜூலை முதல் மொத்தமே 100 டிபி (சுமார் ஒரு லட்சம் ஜிபி) என்று கூகுள் சுருக்கிவிட்டது. அப்படியும் உங்களுக்குத் தலைக்கு 8 ஜிபி வருகிறது. மாணவர்களின் மெயில் அவ்வளவு இடம் பிடிக்காது. கூகுள் டிரைவில் கிடக்கும் வகுப்பு வீடியோக்களும், படித்து முடித்துப் போனவர்களின் கணக்குகளும்தான் பிடிக்கும்.

சர்வரில் மெயிலை வாங்கி வைப்பது சுலபம். அனுப்பியது போய்ச் சேர்வதுதான் பாடு. ஒரு மாணவர் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைத் தட்டினால் போதும், அந்தக் கணக்கிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஆயிரக்கணக்கில் குப்பை மெயில் கிளம்பும். உங்கள் சர்வரின் ஐபி முகவரி (இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்) தடைப்பட்டியலில் ஏறும். காலையில் தேர்வுப் பிரிவு அனுப்பும் கடிதத்தை ஜிமெயில் வாங்காது. ஜிமெயில் முகவரிகளுக்கு அன்றாடம் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள், மெயில் தங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற ஏற்பாடுகள் மூன்றும் வைத்திருக்க வேண்டும் என்பது 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலின் விதி. இவை என்ன என்று நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டாம். தெரிந்த ஆள் ஞாயிறு இரவும் கிடைக்க வேண்டும். அந்த ஆள் விலைப்புள்ளியில் இருக்கிறாரா? பெட்டி வாங்க நிதி கிடைக்கும். ஆள் கேட்டால் கோப்பு மேசை மேசையாகச் சுற்றும்.

‘முன்பெல்லாம் பல்கலைக்கழகங்களே நடத்தவில்லையா?’ என்று கொள்முதல் குழுவில் யாராவது கேட்பார்கள். நடத்தின. எக்ஸிம் என்ற மெயில் மென்பொருளே 1995-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டதுதான். அங்கே அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ‘தரவு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது’ என்று ஆய்வு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அந்த ஆய்வுக் குழுவுக்கு மட்டும் தனித் துணை டொமைனில் (டொமைன் என்பது மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்; துணை டொமைன் அதன் கிளை) சர்வர் வைக்கலாம். முப்பது பேர் என்றால் அந்த முப்பது பேருக்கு மட்டும். அந்த முப்பது பேரைக் காட்டி 12,000 பேருக்கும் சர்வர் விற்பார்கள், கவனம். அந்த முப்பது பேரும்கூட நோயாளிப் பட்டியலை மெயிலில் இணைத்து அனுப்பினால், சர்வர் எங்கே இருந்தும் பயனில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, கூகுள் மெயிலை உங்களுக்கு அமைத்துக் கொடுத்த இடைத்தரகர். டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். ‘அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம் சார்’ என்றால், தன் பெயரில் பதிந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு மெயிலை வேறு இடத்துக்குத் திருப்ப அவர் தயவு வேண்டியிருக்கும். மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவின் பாஸ்வேர்டும், கூகுள் கணக்குகள் அனைத்தையும் ஆளும் சூப்பர் அட்மின் உரிமையும் உங்கள் ஊழியர் இருவரிடம் இருக்கட்டும். விற்பவருக்கு வேலைக்கு வேண்டிய அளவு உரிமை போதும். டொமைன் புதுப்பிப்பு அறிவிப்பு வரும் முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. காலாவதியானால் அறிவிப்பே வராது. இன்னொன்று, தகுதியுள்ள கல்வி நிறுவனங்களுக்குக் கூகுளின் அடிப்படைப் பதிப்பு இலவசம். நீங்கள் அதில்தான் இருக்கிறீர்கள் என்றால், அமைத்துக் கொடுத்ததற்குக் கூலி கேட்கட்டும். உரிமக் கட்டணம் என்று பில் வந்தால் பணம் தராதீர்கள்.

சரி, இடத்துக்கு வருவோம். பழைய மாணவர் கணக்குகளை மூட ஒரு தேதி குறித்து, கூகுளின் டேக்அவுட் வசதி மூலம் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ள ஒரு பருவம் அவகாசம் கொடுங்கள். அறிவிப்பைப் பல்கலைக்கழக முகவரிக்கு மட்டும் அனுப்பாதீர்கள். அதைத் திறந்து வருடமாகியிருக்கும். சேர்க்கைப் படிவத்தில் உள்ள சொந்த முகவரிக்கும் கைபேசிக்கும் அனுப்புங்கள்.