இண்டி 500: எந்த இருக்கையை எடுப்பது?

சிகாகோவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வருகிற மே மாதம் ஒன்பது வயது மகனோடு இண்டியானாபோலிஸ் 500 கார் பந்தயத்துக்கு முதல் தடவையாகப் போகிறேன். இதுவரை டிவியில் ஃபார்முலா ஒன் பார்த்ததோடு சரி. ஃபினிஷ் கோட்டுக்கு எதிரே முன்வரிசையில் டிக்கெட் எடுக்கலாமா?"

முன்வரிசை வேண்டவே வேண்டாம். பக்கத்தில் இருந்தால் நன்றாகத் தெரியும் என்று எல்லோருமே நினைக்கிறார்கள். இந்த ஓவல் தடத்தில் அது நேர்மாறு.

தடம் 2.5 மைல், 200 சுற்று ஓடினால் 500 மைல். வட்டம் அல்ல, மூலைகளை வளைத்துவிட்ட செவ்வகம். நீளமான இரண்டு நேர்ப்பாதையும் தலா ஒரு கிலோமீட்டர். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 40 விநாடி. ஃபினிஷ் கோட்டைத் தாண்டும்போது கார் மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. விநாடிக்குக் கிட்டத்தட்ட 100 மீட்டர். கீழ்வரிசையில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே தடுப்புச் சுவரும் கம்பி வேலியும்தான். தலையைத் திருப்புவதற்குள் கார் போயிருக்கும். கடைசி கார் போனபின் அடுத்த சுற்று வரும்வரை வெறும் தார்த்தடம். பையன் அரை மணி நேரத்தில் "எப்பப்பா முடியும்?" என்று கேட்டுவிடுவான்.

ஆகவே, கையில் உள்ள காசுக்கு எவ்வளவு உயரமான வரிசை கிடைக்கிறதோ அதை எடுங்கள். இடம் என்று கேட்டால் முதல் வளைவுதான். ஸ்டாண்ட் E, அல்லது அதை அடுத்த சவுத்வெஸ்ட் விஸ்டாவின் மேல்வரிசைகள். அங்கிருந்து பிரதான நேர்ப்பாதையில் கார்கள் கூட்டமாக வருவதும், பிட்டிலிருந்து (எரிபொருள் நிரப்பி டயர் மாற்றும் இடம்) கிளம்புகிற கார் வேகம் பிடிப்பதும், வளைவுக்குள் யார் முதலில் மூக்கை நுழைப்பது என்ற சண்டையும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

சண்டை ஏன் அங்கே? முன்னால் போகிற கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் பின்னால் ஒட்டி வருபவருக்குக் காற்றின் தடை குறைவு. நேர்ப்பாதை முழுக்க அப்படி ஒட்டி வந்து, வளைவுக்குச் சற்று முன்னால் விலகி முந்தப் பார்ப்பார். வளைவில் தடம் உள்பக்கமாகச் சாய்ந்திருப்பதோ வெறும் 9 டிகிரி அளவுக்குத்தான். இரண்டு கார் ஒன்றாக நுழைந்தால் ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். 2012இல் கடைசிச் சுற்றில் டகுமா சாட்டோ இதே வளைவில் ஃபிரான்கிட்டியை உள்பக்கமாக முந்தப் போய்ச் சுவரில் மோதினார். 2025இல் அலெக்ஸ் பலோ எரிக்சனை முந்தி வெற்றிக்கு வழி செய்துகொண்டதும் இங்கேதான். 2024 மட்டும் கொஞ்சம் ஏமாற்றியது: கடைசிச் சுற்றில் பாட்டோ ஓவார்ட் முதல் வளைவில் முந்தினார், நியூகார்டன் மூன்றாவது வளைவில் வெளிப்பக்கமாக வந்து வெற்றியைப் பறித்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் நடப்பதைப் பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும். திரை தெரிகிற இருக்கையா என்று டிக்கெட் எடுக்கும்முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் வளைவில் இடமில்லை என்றால் நான்காவது வளைவை ஒட்டிய நார்த்வெஸ்ட் விஸ்டா, அதிலும் மேல்வரிசை.

33 கார்களையும் பின்தொடர முயல வேண்டாம். மகனை இரண்டு காரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவற்றின் நிறத்தையும் எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு டேங்க் எரிபொருள் சுமார் 30 சுற்றுக்கு வரும். அவர்கள் பிட்டுக்கு எப்போது போகிறார்கள், மஞ்சள் கொடி (விபத்து போன்ற நேரத்தில் எல்லோரையும் மெதுவாகப் போகச் சொல்வது) யாருக்குச் சாதகமாக விழுகிறது என்று கவனிக்க ஆரம்பித்தால் அவனுக்கே ஆட்டம் பிடிபட்டுவிடும்.

காது விஷயத்தில் அலட்சியம் கூடாது. உங்களுக்கு ஃபோம் காதடைப்பான் போதும். பையனுக்குக் காதை முழுதாக மூடும் மஃப் வாங்குங்கள். வீட்டிலேயே இரண்டு மணி நேரம் போட்டுப் பழக்குங்கள், இல்லையென்றால் அங்கே கழற்றி எறிந்துவிடுவான். தொப்பி, சன்ஸ்கிரீன் கட்டாயம். சாப்பாடு கொண்டுபோகலாம், புளியோதரை தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி பாட்டிலுக்கு அனுமதி கிடையாது. கூலர் பெட்டிக்கு அளவுக் கட்டுப்பாடு உண்டு, போகும்முன் மைதானத்தின் விதியைப் பாருங்கள்.

சிகாகோவிலிருந்து காரில் மூன்று மணி நேரம்தான். ஆனால் இண்டியானாபோலிஸ் கடிகாரம் உங்களைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே இடத்துக்கு வருவதால் கடைசி சில மைல்களுக்கே வெகுநேரம் பிடிக்கும். முந்தைய நாளே போய்த் தங்குவது நல்லது.

அப்புறம் மழை. ஈரத்தடத்தில் ஓவல் பந்தயம் நடத்தமாட்டார்கள். 2024இல் நான்கு மணி நேரத் தாமதம். 1997இல் ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய பந்தயம் செவ்வாய்க்கிழமைதான் முடிந்தது. பாதித் தூரத்தைத் தாண்டிவிட்டால் அங்கேயே நிறுத்தி முடிவை அறிவிக்கலாம். 2007இல் 166 சுற்றோடு முடித்தார்கள். திங்கட்கிழமை மெமோரியல் டே விடுமுறைதானே, ஞாயிறு இரவுக்கும் சேர்த்தே அறை எடுத்துவிடுங்கள்.